பாய்லர் ஐசொலேட்டர்: 3 ஆம்பியரா, 13-ஆ, 20-ஆ?

நீங்கள் கேட்டது இது: பிரிட்டனில் உங்கள் வீட்டுச் சமையலறையில் புதிய காம்பி கேஸ் பாய்லர் (ஹீட்டிங், சுடுநீர் இரண்டையும் ஒன்றே தருவது) மாட்டப்போகிறார்கள். கேஸ் வேலை செய்பவர் "பக்கத்தில் ஒரு ஐசொலேட்டர் வேண்டும், 3 ஆம்பியர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஐசொலேட்டர் என்றால் பாய்லருக்குப் போகும் கரண்ட்டை முழுவதுமாகத் துண்டிக்கும் ஸ்விட்ச். கடையில் விசாரித்தால் 13 ஆம்பியர் ஃபியூஸ்டு ஸ்பர் (உள்ளே ஃபியூஸ் வைத்த சுவர் இணைப்புப் பெட்டி), 20 ஆம்பியர் டபுள் போல் ஸ்விட்ச் (லைவ் எனப்படும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிப்பது), திருகும் கைப்பிடி வைத்த ரோட்டரி ஐசொலேட்டர் என்று மூன்றை எடுத்து வைக்கிறார்கள். 3 ஆம்பியர் என்று எழுதிய ஸ்விட்ச் எதையும் காணோம். பெரிய எண் உள்ளதை வாங்கினால் பாதுகாப்பும் அதிகம்தானே என்பது உங்கள் கேள்வி. போகிற போக்கில், வைஃபை தெர்மோஸ்டாட்டின் ரிசீவருக்கு (தெர்மோஸ்டாட் சொல்வதைக் கேட்டுப் பாய்லரை இயக்கும் பெட்டி) பக்கத்துச் சாக்கெட்டிலிருந்து கரண்ட் எடுத்துக்கொள்ளலாமா என்றும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். எந்த ஸ்விட்ச் வாங்குவது என்பது இரண்டு வரியில் முடிந்துவிடும். ஆபத்து இருப்பது அந்தக் கடைசி வரியில்தான். ஆகவே அதற்கு அதிக இடம் கொடுத்து எழுதுகிறேன்.

முதலில் அந்த இரண்டு வரி. பிஎஸ் 1363-4 என்ற பிரிட்டிஷ் தர எண் பொறித்த, ஸ்விட்சும் நியான் விளக்கும் உள்ள, டபுள் போல் 13 ஆம்பியர் ஃபியூஸ்டு ஸ்பரை வாங்குங்கள். அதோடு வரும் 13 ஆம்பியர் ஃபியூஸைக் கழற்றிவிட்டு 3 ஆம்பியர் ஃபியூஸைப் போடச் சொல்லுங்கள். பெரும்பாலான வீட்டு கேஸ் பாய்லர்களின் கையேடுகள் கேட்பது இதைத்தான். உங்கள் மாடலின் கையேட்டில் வேறு எண் இருந்தால், நான் சொல்வதை விட்டுவிட்டு அந்த எண்ணைப் பின்பற்றுங்கள்.

இரண்டு எண்களும் இரண்டு வேறு விஷயங்கள் என்பதால்தான் குழப்பம் வருகிறது. ஸ்விட்சில் எழுதியிருக்கும் 13 அல்லது 20, அந்த ஸ்விட்ச் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்கிறது. பாய்லர் எவ்வளவு இழுக்கும் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. கேஸ் பாய்லரில் தண்ணீரைச் சூடாக்குவது கேஸ். கரண்ட் போவது பம்ப், ஃபேன், பற்றவைக்கும் பொறி, சர்க்கிட் போர்டு இவற்றுக்கு மட்டுமே. எல்லாம் சேர்ந்து ஓடும்போதும் 100 முதல் 150 வாட் அளவில் நிற்கும். 230 வோல்ட்டில் அது அரை ஆம்பியரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். 3 ஆம்பியர் ஃபியூஸ் 690 வாட் வரை விடும் என்பதால் தாராளமாகப் போதும். கடையில் நீங்கள் பார்த்த மூன்று ஸ்விட்சுகளில் எதுவும் இந்தச் சுமையால் சூடாகப்போவதில்லை. ஆகவே 20 ஆம்பியர் ஸ்விட்ச் வாங்குவதால் பாதுகாப்பு ஓர் அணுவும் கூடிவிடாது. உள்ளே ஃபியூஸ் இல்லாத ஸ்விட்சாக இருந்தால் பாதுகாப்பு குறையவே செய்யும்.

ஃபியூஸ் காப்பது பாய்லரை என்று பலர் நினைக்கிறார்கள். அது முதலில் காப்பது வயரை. ஸ்பரிலிருந்து பாய்லருக்குப் போகும் ஃப்ளெக்ஸ் (வளையும் வயர்) பெரும்பாலும் 0.75 சதுர மி.மீ. தடிமன் உள்ளது, அது 6 ஆம்பியர் வரை தாங்கும். சுடுநீரின் பாதையைத் திறந்து மூடும் மோட்டார் வால்வுகளோடு வரும் வயர்கள் அதைவிடவும் மெலிதாக இருக்கலாம். வால்வுக்குள் தண்ணீர் இறங்கி, முழு ஷார்ட்டும் இல்லாமல் சரியாகவும் இல்லாமல் 7, 8 ஆம்பியர் இழுக்கும் ஒரு கோளாறை எண்ணிப் பாருங்கள். 13 ஆம்பியர் ஃபியூஸ் அதைக் கண்டுகொள்ளாது. மெல்லிய வயர் மட்டும் மணிக்கணக்கில் வெந்துகொண்டிருக்கும். 3 ஆம்பியர் ஃபியூஸ் அங்கேயே அறுந்துவிடும். புது ஸ்பர் பெட்டிக்குள் 13 ஆம்பியர் ஃபியூஸே போட்டு விற்பதால், மாற்ற மறந்து அப்படியே மாட்டிவிட்டுப் போவது இந்த வேலையில் அடிக்கடி காணும் பிழை. சரிபார்ப்பதும் எளிது: ஸ்விட்சை அணைத்து, முன்பக்கத்தில் இருக்கும் சிறு ஃபியூஸ் இழுப்பறையை ஸ்க்ரூடிரைவர் நுனியால் நெம்பினால் வெளியே வரும். ஃபியூஸின் உடல் சிவப்பென்றால் 3, பழுப்பென்றால் 13. அதன் மேலேயே எண்ணும் பிஎஸ் 1362 என்ற குறியும் இருக்கும். நிறத்தைவிட எண்ணை நம்புங்கள். 3 ஆம்பியர் ஃபியூஸ் திரும்பத் திரும்ப அறுந்தால் 5-க்கோ 13-க்கோ ஏற்றிவிடாதீர்கள். பம்பிலோ வால்விலோ போர்டிலோ ஏதோ ஒன்று பழுதாகியிருக்கிறது என்று ஃபியூஸ் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அடுத்து டபுள் போல். சாதாரண லைட் ஸ்விட்ச் லைவை மட்டும் துண்டிக்கும், நியூட்ரல் அப்படியே தொடர்ந்து போகும். பாய்லருக்கு அது போதாது. லைவ், நியூட்ரல் இரண்டும் ஒரே அழுத்தலில் பிரிய வேண்டும்; ஒவ்வொன்றிலும் தொடுமுனைகளுக்கு இடையே குறைந்தது 3 மி.மீ. இடைவெளி விழ வேண்டும். கையேடுகளில் இந்த 3 மி.மீ. அடிக்கடி தென்படும். வீட்டு நிலையான வயரிங்கில் இடி மின்னலாலோ கிரிட்டில் நடக்கும் ஸ்விட்சிங்காலோ நொடிக்கும் குறைவான நேரம் வரும் எழுச்சியை 4 கிலோவோல்ட் என்று கணக்கில் வைக்கிறார்கள். ஸ்விட்ச் அணைந்திருக்கும்போது அந்த எழுச்சி காற்றைத் தாண்டிப் பாயாமல் இருக்கத்தான் அந்த இடைவெளி.

நியூட்ரல்தானே, தொட்டால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். பாய்லர் இருக்கும் சர்க்கிட்டில் வேறு சாதனங்களும் ஓடிக்கொண்டிருந்து, மேலே எங்கோ நியூட்ரல் இணைப்பு விட்டுப்போனால், அந்தச் சாதனங்கள் வழியாக லைவ் வந்து நியூட்ரல் வயரில் ஏறி நிற்கும். இது அரிது, ஆனால் நடந்தால் உயிர்ச்சேதம். அன்றாடம் நடப்பது வேறொன்று. லைவை மட்டும் அணைத்துவிட்டு வேலை செய்யும்போது நியூட்ரல் முனை தவறி எர்த்தில் பட்டாலே போதும், ஃபியூஸ் பாக்ஸில் உள்ள ஆர்சிடி (மின்னோட்டம் கசிந்தால் தானே அணையும் காப்பு ஸ்விட்ச்) விழுந்து பாதி வீடு இருட்டாகிவிடும். இரண்டும் துண்டிக்கப்பட்டிருந்தால் இந்தப் பிரச்சினையே எழாது. ஸ்மார்ட் பிளக், வைஃபை ரிலே, டைமர் எதுவும் ஐசொலேட்டர் ஆகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவை பாய்லரை நிறுத்தும், துண்டிக்காது. எலக்ட்ரானிக் ஸ்விட்சுகளைத் துண்டிப்புக்குப் பயன்படுத்தக்கூடாது என்று பிஎஸ் 7671 வயரிங் விதிகளே சொல்கின்றன.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். ஐசொலேட்டரை அணைத்தால் பாய்லர் பெட்டிக்குள் எங்கேயும் 230 வோல்ட் இருக்கக்கூடாது. இதற்குத்தான் ஐசொலேட்டரே வைக்கிறோம். எத்தனை ஆம்பியர் என்பதெல்லாம் இதற்குப் பிறகு வரும் பேச்சு. பாய்லருக்கு நான்கு வயர் போவதாக வைத்துக்கொள்ளுங்கள்: எப்போதும் கரண்ட் இருக்கும் நிரந்தர லைவ், நியூட்ரல், எர்த், தெர்மோஸ்டாட் "சூடு வேண்டும்" என்று சொல்லும்போது மட்டும் கரண்ட் வரும் ஸ்விட்ச்டு லைவ். முதல் இரண்டும் ஐசொலேட்டர் வழியாக வருகின்றன. நான்காவது ரிசீவரிலிருந்து வருகிறது. அந்த ரிசீவருக்குப் பக்கத்துச் சாக்கெட்டிலிருந்து கரண்ட் எடுத்து, அதே லைவை அது பாய்லருக்கு அனுப்பினால் என்ன நடக்கும்? சர்வீஸ் செய்ய வருபவர் ஐசொலேட்டரை அணைக்கிறார், நியான் அணைகிறது, ஃபியூஸையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார், மூடியைத் திறந்து போர்டில் கை வைக்கிறார். அந்த நேரம் பார்த்து அறை குளிர்ந்து, ரிசீவருக்குள் இருக்கும் ஸ்விட்ச் 'டிக்' என்று சேர்ந்து, டெர்மினலுக்கு 230 வோல்ட் அனுப்புகிறது. வேலை செய்பவர் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்துவிட்டார். அப்படியும் ஷாக் அடிக்கிறது.

ஆகவே பதில்: பக்கத்துச் சாக்கெட்டிலிருந்து எடுக்க வேண்டாம். ரிசீவர், புரோகிராமர், வெளியே உள்ள பம்ப், மோட்டார் வால்வுகள், வயரிங் சென்டர் (இவற்றின் வயர்கள் சேரும் பெட்டி) எல்லாம் அந்த ஒரே 3 ஆம்பியர் ஸ்பருக்குப் பின்னாலிருந்து கரண்ட் எடுக்க வேண்டும். ஒரு ஸ்விட்ச், ஒரு ஃபியூஸ், முழு ஹீட்டிங்கும் அதன் கீழ். பாய்லரிலேயே வெளிச் சாதனங்களுக்கான லைவ், நியூட்ரல் டெர்மினல்கள் இருந்தால் ரிசீவரை அங்கே இணைப்பது இன்னும் சுத்தம். ரிசீவரின் ரிலே (உள்ளே இருக்கும் அந்த ஸ்விட்ச்) தன் சொந்த லைவை அனுப்பாமல் இரண்டு முனைகளை ஒன்று சேர்க்க மட்டும் செய்யும் வகை என்றால் (வோல்ட்-ஃப்ரீ என்று கையேட்டில் போட்டிருக்கும்), அந்த இரு முனைகளும் பாய்லரின் கட்டுப்பாட்டு டெர்மினல்களுக்கு மட்டும் போக வேண்டும். சில பாய்லர்களில் அந்த டெர்மினல்கள் 24 வோல்ட்டிலோ அதற்கும் குறைவாகவோ இயங்கும். அதில் 230 வோல்ட்டைக் கொடுத்துவிட்டால் புது போர்டு அங்கேயே போய்விடும். ரிசீவருக்குள் லைவையும் பொது முனையையும் சேர்த்து ஒரு சிறு ஜம்பர் வயர் போடுவது உண்டு. எந்த வகை பாய்லர் என்று பார்க்காமல் பழக்கத்தில் அந்த ஜம்பரைப் போட்டுவிடுவதுதான் போர்டு எரிவதற்குப் பொதுவான வழி.

இதன் மறுபக்கமாக இன்னொரு தவறும் உண்டு. நிரந்தர லைவையே புரோகிராமர் வழியாகக் கொண்டுவந்து, நேரம் முடிந்ததும் பாய்லரின் மொத்தக் கரண்டும் நிற்கும்படி செய்துவிடுவார்கள். பர்னர் அணைந்த பிறகும் உள்ளே தேங்கிய சூட்டை வெளியேற்ற, பல பாய்லர்கள் பம்பைச் சில நிமிடங்கள் ஓடவிடும். கரண்ட்டை வெட்டிவிட்டால் அந்தச் சூடு ஹீட் எக்ஸ்சேஞ்சரிலேயே தங்கி, கொதிக்கும் சத்தம் வரும், அதிவெப்ப லாக்-அவுட் (பாய்லர் தானே பூட்டிக்கொண்டு நிற்பது) வரும். ஐசொலேட்டருக்கும் பாய்லரின் நிரந்தர லைவுக்கும் நடுவே ஃபியூஸைத் தவிர வேறு எதுவும் இருக்கக்கூடாது.

லைவும் நியூட்ரலும் மாறிப்போனால் பல்பு எரியும், டோஸ்டர் சுடும், யாருக்கும் தெரியாது. பாய்லர் மட்டும் பல நேரம் அதைக் காட்டிக்கொடுக்கும். தீப்பற்றியதா என்று பாய்லர் கண்டுபிடிப்பது அயனியாக்கத்தால்: பர்னர் அருகே இருக்கும் மின்முனையிலிருந்து, சுடர் வழியாக, எர்த் ஆன பர்னருக்கு ஒரு மிகச் சிறிய மின்னோட்டம் போகும், மைக்ரோ ஆம்பியர் அளவுதான். போர்டு அதை அளந்து சுடர் இருக்கிறது என்று நிச்சயித்துக்கொள்கிறது. லைவ்-நியூட்ரல் மாறினாலோ எர்த் சரியாக இல்லாவிட்டாலோ இந்த அளவீடு கெட்டுவிடும். பற்றும், சில நொடிகளில் அணையும், மறுபடி முயலும், பிறகு லாக்-அவுட் ஆகும். புது பாய்லர் முதல் நாளே இப்படிச் செய்தால் கேஸ் அழுத்தம், மின்முனை என்று தேடுவதற்கு முன்னால் ஸ்பரின் இணைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லா மாடல்களும் இப்படி முரண்டு பிடிக்காது. சில, துருவம் மாறினாலும் ஓடும். அதனால் "பாய்லர் ஓடுகிறது, ஆகவே இணைப்பு சரி" என்று முடிவு கட்டவும் முடியாது.

ஸ்பரின் பின்புறத்தில் இரண்டு ஜோடி டெர்மினல்கள் இருக்கும். ஒரு ஜோடியில் சப்ளை அல்லது ஃபீட் என்றும், இன்னொன்றில் லோடு என்றும் பொறித்திருக்கும். உள்ளே வருவது சப்ளைக்கு, பாய்லருக்குப் போவது லோடுக்கு. தலைகீழாக மாட்டினாலும் பாய்லர் ஓடும். ஆனால் ஸ்விட்சை அணைத்த பிறகும் ஃபியூஸ் இழுப்பறையில் லைவ் இருந்துகொண்டே இருக்கும். ஃபியூஸ் மாற்றப்போகும் விரல் அதைச் சந்திக்கும். நீங்கள் பார்த்திருக்கும் 13 ஆம்பியர் ஸ்பரில் ஃப்ளெக்ஸ் வெளியே வரத் துளையும், அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பும் இருக்கிறதா என்று பாருங்கள். துளை இல்லாத வகை, சுவருக்குள்ளேயே கேபிள் போகும் இடங்களுக்கானது. கிளாம்ப் பிடிக்க வேண்டியது ஃப்ளெக்ஸின் வெளியுறையை. உள்ளிருக்கும் பழுப்பு, நீல வயர்களை அல்ல. சுவர்ப்பெட்டி 35 மி.மீ. ஆழம் இருந்தால் வயர்கள் நெரியாமல் உட்காரும். 25 மி.மீ. பெட்டியில் 2.5 சதுர மி.மீ. கேபிள் இரண்டைத் திணித்து மூடியை இறுக்கினால், ஏதாவது ஒரு டெர்மினலில் வயர் இழுபட்டுத் தளரும். பெட்டி உலோகம் என்றால் அதற்கும் தனி எர்த் வயர்.

டெர்மினல் இறுக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அரை ஆம்பியர்தானே, தளர்ந்தால் என்ன என்று தோன்றும். ஸ்பரை ரிங் சர்க்கிட்டின் (ஃபியூஸ் பாக்ஸிலிருந்து கிளம்பி, சாக்கெட்டுகளைச் சுற்றி, அங்கேயே திரும்பும் வயரிங்) நடுவிலேயே இணைத்திருந்தால், ரிங்கின் இரண்டு கேபிள்களும் சப்ளை டெர்மினலில்தான் சந்திக்கின்றன. கெட்டில், வாஷிங் மெஷின் இவற்றுக்குப் போகும் மின்னோட்டமும் அந்தத் திருகு வழியாகவே கடக்கிறது. பழுப்பேறிய, உருகிய பாய்லர் ஸ்பர்களுக்கு இதுதான் காரணமாக இருக்கும். ரிங்கிலிருந்து கிளையாக எடுத்தால், ஃபியூஸுக்கு முந்திய கேபிள் 2.5 சதுர மி.மீ. ஆக இருக்க வேண்டும். அதைக் காப்பது ஃபியூஸ் பாக்ஸில் உள்ள 32 ஆம்பியர் எம்சிபி (தானே விழும் பிரேக்கர்) மட்டுமே. ஃபியூஸுக்குப் பின்னால் கையேடு சொல்லும் மெல்லிய ஃப்ளெக்ஸ் போதும். ஏற்கெனவே கிளையாக இருக்கும் சாக்கெட்டிலிருந்து இன்னொரு கிளை எடுக்கக்கூடாது. சாக்கெட்டின் பின்னால் இரண்டு கேபிள் இருக்கிறதே, அது ரிங்தான் என்று கண்ணால் பார்த்து முடிவு செய்வது தவறு. அது கிளைகளின் வரிசையாகவும் இருக்கலாம். மீட்டர் வைத்துத்தான் தெரியும்.

கடைக்காரர் காட்டிய மற்ற இரண்டுக்கும் அவற்றுக்கே உரிய இடம் உண்டு. பாய்லர் அலமாரிக்குள் ஒளிந்திருந்து, ஸ்பரும் உள்ளே போய்விட்டால், ஸ்விட்ச் இல்லாத ஃபியூஸ்டு ஸ்பரை உள்ளே வைத்து, கைக்கு எட்டும் இடத்தில் 20 ஆம்பியர் டபுள் போல் ஸ்விட்சை வெளியே வைப்பது நல்ல ஏற்பாடு. 3 ஆம்பியர் ஃபியூஸ் எங்கோ ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. ரோட்டரி ஐசொலேட்டர் கராஜுக்கு, வெளிச்சுவருக்கு, வெளியே நிற்கும் ஆயில் பாய்லருக்கு ஏற்றது. ஐபி65 உறை மழையைத் தாங்கும்; கைப்பிடியில் பூட்டு மாட்டலாம். நான்கு துருவ வகை கிடைத்தால் அதில் இரண்டைப் பயன்படுத்தலாம். நியூட்ரலும் கட்டாயம் ஒரு துருவம் வழியாகவே போக வேண்டும், பக்கத்தில் இருக்கும் நிலையான இணைப்புக் கட்டையில் போய் நிற்கக்கூடாது. இதிலும் ஃபியூஸ் கிடையாது என்பதை மறக்க வேண்டாம். நான்காவதாக ஒரு வழியும் பல கையேடுகளில் அனுமதிக்கப்படுகிறது: 3 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட மூன்று முள் பிளக், ஸ்விட்ச் இல்லாத சாக்கெட். பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்திருப்பதைவிடத் தெளிவான துண்டிப்பு வேறில்லை. பிரச்சினை, யாராவது அதே சாக்கெட்டில் வேறு எதையாவது சொருகப் பிளக்கைக் கழற்றுவது. சமையலறைக்கு நான் ஸ்பரையே சொல்வேன்.

எங்கே வைப்பது? பாய்லரை ஒட்டி, கருவி எதுவும் இல்லாமல் எட்டும் இடத்தில். நேர் கீழே வேண்டாம். குழாய் இணைப்புகள், ஃபில்லிங் லூப் (தண்ணீர் நிரப்பும் இணைப்பு) எல்லாம் பாய்லரின் அடிப்பக்கம்தான் இருக்கும். கசியும் தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஸ்விட்சின் தலையில் விழும். பக்கவாட்டில் வையுங்கள். அடுப்புக்கு மேலே வேண்டாம்; தீப்பிடித்த சட்டியைத் தாண்டிக் கையை நீட்டி அணைக்க முடியாது. ஃபிரிட்ஜுக்குப் பின்னாலும் வேண்டாம். பாய்லர் குளியலறையில் இருந்தால் கதை மாறுகிறது: தொட்டியையும் ஷவரையும் சுற்றி வரையறுக்கப்பட்ட பகுதிகளுக்குள் சாதாரண ஸ்பருக்கு இடமில்லை, அறைக்கு வெளியே வைப்பதே எளிய தீர்வு. எங்கே வைத்தாலும் மேலே "பாய்லர்" என்று அழியாத லேபிள் ஒட்டுங்கள். சமையலறைக் கல்லுக்கு மேலே ஒரே மாதிரி நான்கு ஸ்விட்ச் வரிசையாக இருக்கும் வீட்டில், டிஷ்வாஷரை அணைக்கப்போய்ப் பாய்லரை அணைத்துவிட்டு, இரவெல்லாம் குளிரில் இருந்து மறுநாள் பழுது பார்ப்பவரை அழைப்பவர்கள் உண்டு.

அந்த ஸ்விட்சைத் தினமும் ஹீட்டிங்கை நிறுத்தப் பயன்படுத்தாதீர்கள். வெளியூர் போகும்போது கரண்ட் மிச்சம் என்று அணைத்துவிட்டுப் போவதும் தவறு. பல மாடல்களில் தண்ணீர் உறையும் நிலையை நெருங்கினால் பாய்லர் தானே சிறிது நேரம் எரிந்து தன்னைக் காத்துக்கொள்ளும். பயன்பாடு இல்லாத நாட்களில் பம்பைச் சில நொடிகள் சுழற்றி, இறுகிப்போகாமல் பார்த்துக்கொள்ளும். ஐசொலேட்டரை அணைத்தால் இரண்டும் போய்விடும். ஹீட்டிங் வேண்டாம் என்றால் தெர்மோஸ்டாட்டில் அல்லது புரோகிராமரில் அணையுங்கள். ஐசொலேட்டர் சர்வீசுக்கும் ஆபத்துக்கும் மட்டும். தண்ணீர் கசிந்து பாய்லருக்குள் இறங்குவதைக் கண்டால் தயங்காமல் அதை அணையுங்கள்.

அணைத்துவிட்டோம், நியான் எரியவில்லை, ஆகவே கரண்ட் இல்லை என்று நினைத்துக் கை வைக்கக்கூடாது. நியான் விளக்கே செத்திருக்கலாம். முறை இது: இரு முனை வோல்டேஜ் டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்து, அது வேலை செய்கிறதா என்று பார்ப்பது, பிறகு பாய்லர் டெர்மினலில் லைவ்-நியூட்ரல், லைவ்-எர்த், நியூட்ரல்-எர்த், ஸ்விட்ச்டு லைவ்-எர்த் என்று எல்லாவற்றையும் பார்ப்பது, மறுபடி கரண்ட் உள்ள இடத்தில் டெஸ்டரைச் சோதிப்பது. அந்த நான்காவது அளவைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஃபியூஸைக் கழற்றிக் கையோடு வைத்துக்கொண்டால் வேலை நடுவே யாரும் வந்து ஸ்விட்சைப் போட்டாலும் லைவ் வராது. கழற்றிய ஃபியூஸ் லைவை மட்டுமே துண்டிக்கிறது என்பதால் ஸ்விட்சும் அணைந்தே இருக்க வேண்டும்.

மேலே சொன்ன 3 ஆம்பியர் கேஸ் பாய்லருக்கானது. ஆயில் பாய்லரில் பர்னர் மோட்டார் இருப்பதால் கையேடு 5 ஆம்பியர் ஃபியூஸ் கேட்கக்கூடும். மின்சாரத்திலேயே சூடாக்கும் எலக்ட்ரிக் பாய்லர் முற்றிலும் வேறு பிராணி: 6 கிலோவாட் என்றால் 26 ஆம்பியர், 12 கிலோவாட் என்றால் 52 ஆம்பியர். அதற்கு ஃபியூஸ் பாக்ஸிலிருந்து தனிச் சர்க்கிட், தடித்த கேபிள், அந்த அளவைத் தாங்கும் பெரிய டபுள் போல் ஐசொலேட்டர் தேவை. ஸ்பர் பக்கமே போகக்கூடாது. காம்பிக்கு மாறியதால் பழைய சுடுநீர்த் தொட்டி போகிறதென்றால், அதற்குள் இருந்த 3 கிலோவாட் இமர்ஷன் ஹீட்டரின் 20 ஆம்பியர் ஸ்விட்ச் சும்மா கிடக்கும். அதையே பாய்லருக்குத் திருப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால், கேபிளைப் பயன்படுத்தலாம், இடையில் 3 ஆம்பியர் ஸ்பர் வைத்த பிறகு மட்டும் என்று சொல்லுங்கள்.

நீங்களே செய்யலாமா என்பதற்கு: பாய்லரின் மூடியைத் திறப்பதும் கேஸ் வேலையும் கேஸ் சேஃப் பதிவு பெற்றவருக்கு மட்டுமே. இதில் பேச்சுக்கே இடமில்லை. ஸ்பர் விஷயத்தில், இங்கிலாந்தில், ஏற்கெனவே இருக்கும் சர்க்கிட்டில், குளியலறைக்கு வெளியே, ஒரு ஸ்பர் சேர்ப்பது முன்கூட்டி அறிவிக்க வேண்டிய வேலைகளில் வராது. புதுச் சர்க்கிட் இழுத்தால் வரும். வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்துக்கு விதிகள் தனி. அறிவிக்கத் தேவையில்லை என்பதால் சோதிக்கத் தேவையில்லை என்று ஆகாது. எர்த் தொடர்ச்சி, துருவம், 500 வோல்ட்டில் இன்சுலேஷன் அளவு குறைந்தது 1 மெகாஓம், எர்த் ஃபால்ட் லூப், 30 மில்லிஆம்பியர் ஆர்சிடி, இவற்றை அளந்து சிறு வேலைச் சான்றிதழ் தரும் எலக்ட்ரீஷியனை வையுங்கள். இன்சுலேஷன் சோதனையின்போது ஸ்பர் அணைந்திருக்க வேண்டும். 500 வோல்ட் போர்டுக்குள் போனால் சோதனையே பழுதை உண்டாக்கிவிடும். அளக்கும் கருவியும் அதைப் படிக்கும் பழக்கமும் உங்களிடம் இல்லை என்றால், இந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டாம் என்பது என் வெளிப்படையான கருத்து.

உங்கள் சுவருக்குள் என்ன ஓடுகிறது என்பதை இங்கிருந்து நான் பார்க்க முடியாது. பழைய பாய்லரின் ஸ்விட்ச் ரிங்கில் இருக்கிறதா, தனிச் சர்க்கிட்டிலா, எர்த் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் நேரில் அளந்து சொல்ல வேண்டியவை. வேலை முடிந்த அன்று, எலக்ட்ரீஷியன் கிளம்புவதற்கு முன்னால், அவர் எதிரிலேயே தெர்மோஸ்டாட்டை 30 டிகிரிக்கு ஏற்றி பாய்லரை எரியவிடுங்கள். பிறகு அந்த ஒரே ஸ்பரை அணையுங்கள். பாய்லரின் திரை, ரிசீவரின் விளக்கு இரண்டும் ஒன்றாக அணைய வேண்டும். ரிசீவரில் பேட்டரி எதுவும் இல்லாமலேயே அதன் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தால், அதற்கு வேறெங்கிருந்தோ கரண்ட் வருகிறது. அதை மாற்றித் தரும்வரை வேலை முடிந்ததாக ஒப்புக்கொள்ள வேண்டாம்.